பஞ்சவர்ணம் அனுப்பிவிட்ட மழை

மதினி,

விடிந்ததிலிருந்து கலுங்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் கல்கட்டின் மேலேறி விழுகிற சத்தம். கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அடுப்பில் உலைதான் கொதிக்கிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. வாசலுக்கு வந்தால் நனைந்த கரிசலும் கோரைப்புல்லும் சேர்ந்த வாடை ஆளைத் தூக்குகிறது. முதலில் உங்கள் நினைப்புத்தான் வந்தது.

ஊரே கலுங்கில்தான் நிற்கிறது. சேவல் தயார், பொங்கல் பானை தயார். ஆனால் ஒரு குலவைச் சத்தம் இல்லை. எம்.எல்.ஏ. வரவேண்டுமாம். அவர் வந்து தேங்காய் உடைத்த பிறகுதான் பொம்பளைகள் குலவை போடவேண்டுமாம். பஞ்சாயத்துப் பிரசிடெண்டு உத்தரவு. "அதுவரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது, ஆமா" என்று கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். மைக் செட்காரன் வேறு, எங்கள் ஆட்சி வந்தது, கண்மாய் நிறைந்தது என்று கத்திக்கொண்டிருக்கிறான். தண்ணீர் வந்து வாசலில் நிற்கிறது, அதை வா என்று சொல்ல ஆள் வரவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. உங்கள் மகள் பஞ்சவர்ணம் போட்ட கடுதாசியை எல்லாம் நான்தானே வாசித்துச் சொல்வேன்? அஞ்சாம் வகுப்புப் படித்த திமிரு என்று கேலி பண்ணுவீர்கள். இதையும் எழுதி முடித்து நானே வாசிக்கிறேன். எங்கே இருந்தாலும் கேளுங்கள்.

அதே பிரசிடெண்டுதான் மதினி. அன்றைக்கு நம்மை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அதே ஆள். வேட்டிக் கரை மட்டும்தான் வேறு.

*

குலவை என்றால் நம்மூரில் நீங்கள்தான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்த வருஷம் நாற்று நடவில் முதல்முதலாகக் கேட்டேன். நாக்கைச் சுழற்றி நீங்கள் எடுத்தால் அக்கரையில் மாடு மேய்க்கிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். நான் போட்டால் வேறு மாதிரி. "ஏத்தா, காக்காய்க்குச் சோறு வைங்கடி, பாவம் கத்துது" என்பீர்கள். ஊரே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அதோடு என் குலவை அறுந்துபோகும்.

கலுங்கு வழிந்து மறுகால் போகிற அன்றைக்கு முதல் குலவையை ஒருத்திதான் எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் போடுவார்கள். முதல் குலவை யாரை நினைத்துப் போடப்படுகிறதோ அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது நம்மூர் வழக்கு. பெரும்பாலும் மடைக்கருப்பனை நினைத்துப் போடுவார்கள். செத்த மாமியாரை நினைத்துப் போட்டவர்களும் உண்டு. வாக்கப்பட்டு வந்த இரண்டாம் வருஷமே அந்த முதல் குலவை உங்களுடையதாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் நிற்கும்போது வேறொருத்திக்கு வாய் வரவில்லை.

நம்மை லாரியில் ஏற்றின வருஷத்துக்கு முந்தின மூன்று வருஷமும் கண்மாயில் கெண்டைக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. மிளகாய் கருகிப்போனது. பருத்தி வெடிக்காமலே உதிர்ந்தது. அப்படி வந்த வருஷம்தான் அது. ஆரம்பமே சாவில் ஆரம்பித்தது. வைகாசியில் டெல்லியில் பெரிய தலைவர் போய்விட்டார் என்று பஞ்சாயத்து போர்டு ரேடியோவில் சொன்னார்கள். பிரசிடெண்டு அப்போது அந்தக் கட்சி. சாவடியில் படத்தை வைத்து மாலை போட்டு, பொம்பளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அழச் சொன்னார். மற்றவளெல்லாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒப்புக்கு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் நிஜமாகவே அழுதீர்கள். "யாரு பெத்த பிள்ளையோ, நாட்டுக்கே மூத்த பிள்ளையாட்டம் இருந்தாக" என்று எடுத்துக்கட்டி நீங்கள் பாடினபோது பக்கத்து ஊர் ஆம்பளைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் பிரசிடெண்டு வந்து என்ன சொன்னார் நினைவிருக்கிறதா? "நல்லா அழுத ஆத்தா. சுத்துப்பட்டில நம்மூருதான் பேரு வாங்குச்சு." நீங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டீர்கள். அழுகைக்குப் பரிசு கொடுக்கிற பயலை அன்றைக்கே வெளக்குமாற்றால் அடித்திருக்கவேண்டும் என்று நான் சொன்னதற்கு, "உனக்கு எதுலதான் குத்தம் தெரியல" என்றீர்கள். உங்கள் தொண்டை என்ன விலை போகும் என்று அவன் எடைபோட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் அரிசி இல்லை. கமுதிச் சந்தைக்கு வத்தல் கொண்டுபோன வண்டி உமிகூட இல்லாமல் திரும்பி வந்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமை வருகிறது என்று ரேடியோ சொல்லும். கப்பல் வந்ததோ இல்லையோ நமக்கு வந்தது குதிரைவாலிக் கஞ்சிதான். அதுவும் ஒரு வேளை. அந்த நேரத்தில் வத்தல் வண்டியிலிருந்து விழுந்து அண்ணன் காலை வேறு ஒடித்துக்கொண்டது. நாட்டு மருந்து கட்டிக் கட்டிலில் கிடந்தது. வீட்டையும் காட்டையும் நீங்கள் ஒருத்தியாகத்தான் பார்த்தீர்கள்.

இத்தனைக்கும் நடுவே உங்கள் முகம் மலர்ந்தது பஞ்சவர்ணம் கடுதாசி வருகிற அன்றைக்கு மட்டும்தான். ஒற்றைப் பிள்ளை. தனுஷ்கோடி ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தீர்கள். சொந்தமெல்லாம் முகத்தைச் சுளித்தது. பொண்ணைக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று பேசினார்கள். "மழை பேஞ்சாலும் பேயாட்டியும் மாசம் பொறந்தா சம்பளம். எம் மக வானத்தப் பாத்து ஒக்காரவேண்டாம்" என்று நீங்கள் ஒரே போடாகப் போட்டீர்கள். வானத்தைப் பார்த்தே காய்ந்துபோன ஊர்க்காரிக்கு அதைவிட என்ன நியாயம் வேண்டும்?

அவள் முதல் தடவை வந்தபோது சொன்னதைத்தான் நம்மால் நம்பமுடியவில்லை. "அத்தை, அங்கன ரெண்டு பக்கமும் கடலு. மழை அத்தனையும் கடலுக்குள்ளதான் விழுது. ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல." நீங்கள் வாயில் கையை வைத்தீர்கள். தண்ணீருக்குள் மழை பெய்கிற அநியாயத்தை நம்மால் தாங்கமுடியவில்லை. அவள் ஊருக்குக் கிளம்பினபோது கமுதி பஸ்ஸடியில் நின்றுகொண்டு, "ஏத்தா பஞ்சவர்ணம், கடலுக்குப் பெய்யிற மழையக் கொஞ்சம் இங்கன அனுப்பி விடுடி" என்றீர்கள். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கடுதாசியிலும் அதை ஒரு வரி எழுதச் சொல்வீர்கள். அவளும், 'அம்மா, மழைக்குச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்' என்று பதில் போடுவாள்.

*

மார்கழியில் வந்தது மதினி. மார்கழியில் நம் பக்கம் அப்படி எங்கே பெய்திருக்கிறது? கீழ்காற்று கூரையைப் பிய்த்தது. பனைகள் தலைவிரித்து ஆடின. அதற்கெல்லாம் யார் பயந்தார்கள்? நமக்குக் காற்று என்றால் மழையைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆள், அவ்வளவுதான். விடிய விடியப் பெய்தது. ஓடையெல்லாம் கண்மாய்க்குத் திரும்பி, அடுத்த நாள் உச்சிப்பொழுதுக்குக் கலுங்கு வழிந்தது.

ஊரே திரண்டது. அண்ணனைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்து கரையில் வைத்தார்கள். மடைக்கருப்பனுக்குச் சேவல் அறுத்தார்கள். எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள்:

"எம் மக அனுப்பிவிட்ட மழைடி!"

சொல்லிவிட்டு எடுத்தீர்கள் பாருங்கள் ஒரு குலவை. அப்படியொன்றை அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. கருப்பனை நினைத்தா போட்டீர்கள்? மகளை நினைத்துப் போட்டீர்கள். கூட நானும் கத்தினேன். என் காக்காய்க் குரலைப் பற்றி அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அதற்கு முன்னாலேயே போயிருந்தாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் ஏறி வந்து தனுஷ்கோடியை வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் கடலைக் கிளப்பிவிட்ட காற்றின் வால்தான் நம் கண்மாயை நிரப்பினது. நமக்கு அது தெரியாது. கடல் நம்மூரிலிருந்து ஒருநாள் பயணம். அங்கே நடந்தது இங்கே தெரிய ரேடியோ சொல்லவேண்டியிருந்தது. ரேடியோவும் மெதுவாகத்தான் சொன்னது. பாலம் போயிற்று, ரயில் கடலுக்குள் போயிற்று, தலைவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் குடிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் ரேடியோப் பெட்டியின் முன்னால் போய் நின்று, "எம் மக பேரு பஞ்சவர்ணம், அவளச் சொல்லு" என்று கேட்டீர்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே கிளம்புகிறேன் என்று நின்றீர்கள். யார் கூட்டிப்போவது? அண்ணனால் எழுந்திருக்க முடியாது. என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வந்து, மண்டபம் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒருத்தரையும் விடவில்லை, மோட்டார் போட்டு எல்லாம் அதிகாரிகளுக்கும் பெரியவர்களுக்கும்தான் என்றார். அப்போதுதான் பிரசிடெண்டு உங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, சேதாரத்தப் பாக்க மெட்ராசுலருந்து தலைவர் வாராக. மண்டபத்துல போட்டு ஏறுறாக. நம்மூருச் சார்பா வரவேற்பு. பொம்பளையாளுகள லாரில கூட்டிட்டுப் போறேன். நீ வந்து முதக் குலவையப் போட்டு விடு. தலைவர் போற போட்டுலயே ஒன்னயும் ஏத்தி விடுறது என் பொறுப்பு."

எழவு விழுந்த இடத்துக்கு எதற்கையா குலவை என்று நான் கேட்டேன். "தலைவருக்கும்மா. தலைவர் வரும்போது மூஞ்சியத் தூக்கிட்டா நிப்பாக?" என்றார். அந்த ஆளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. என் கோபமே அதுதான் மதினி. கெட்டவன் என்றால்கூடப் பரவாயில்லை. சாவுக்கு அழச் சொன்னதும் புயலுக்குக் குலவை போடச் சொன்னதும் அவனுக்குப் பந்தலுக்குக் கால் நடுகிற மாதிரி ஒரு வேலை.

போகாதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் உதறினீர்கள். "எம் பிள்ள அங்கன எங்கயாச்சும் ஒதுங்கிக் கெடப்பாடி. குலவைதான? போட்டுட்டுப் போறேன். போட்டுல ஏறுனாப் போதும்."

நானும் லாரியில் ஏறினேன். உங்களைத் தனியாக விடவா?

*

மண்டபத்தில் முதலில் தப்பிவந்தவர்களை வைத்திருந்த கொட்டகைக்குத்தான் ஓடினீர்கள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தீர்கள். தலையை மூடிப் படுத்திருந்த பெண்களின் முக்காட்டை விலக்கிக்கூடப் பார்த்தீர்கள். பஞ்சவர்ணம் இல்லை. அந்தப் போர்ட்டர் பையனும் இல்லை. அதற்குள் வந்து விரட்டினார்கள், தலைவர் வந்துவிட்டார், வரிசைக்கு வா வரிசைக்கு வா என்று.

கடற்கரையில் நம்மை நிற்கவைத்தார்கள். கையில் தாம்பாளம். மறுபக்கம் கரையோரத்து ஜனம், ஆளும் போய் வலையும் போய் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கார்கள் வந்தன. மாலை விழுந்தது. பிரசிடெண்டு உங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நீங்கள் போட்டீர்கள். மனசில்லாமல் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். முழுசாகப் போட்டீர்கள். கலுங்கில் போட்ட அதே குலவை, குறையில்லாமல். போட்டில் இடம் கிடைக்கவேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் போட்டீர்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார். கும்பிட்டார். போட்டோப் பிடித்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மீன்காரப் பொம்பளை எழுந்து வந்து மண்ணை வாரி நம் மேல் இறைத்தாள். "எழவு விழுந்த கரையில எவடி அவ குலவை போடுறது? ஒங்க வீட்டுல சாவு விழாதா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நீங்கள் குலவையை நிறுத்தவில்லை. போட்டையே பார்த்துக்கொண்டு போட்டீர்கள். உங்கள் முகத்தில் மண் ஒட்டியிருந்தது.

தலைவர் ஏறினார். அதிகாரிகள் ஏறினார்கள். போட்டோக்காரர் ஏறினார். பிரசிடெண்டும் ஏறினார். நீங்கள் இடுப்புத் தண்ணீர் வரைக்கும் போட்டின் பின்னாலேயே போனீர்கள். "அய்யா, என்னய ஏத்திக்கிறேன்னு சொன்னியளே, அய்யா!" அந்த ஆள் திரும்பி உட்கார்ந்துகொண்டார். போட்டு போய்விட்டது.

நான் என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ்காரன் வந்து அதட்டுகிற அளவுக்குப் பேசினேன். அதைக் கேட்டுத்தான் மண்ணை வாரி இறைத்தவளே கிட்டே வந்தாள். யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கேட்டதும் தன் முந்தானையால் உங்கள் முகத்து மண்ணைத் துடைத்தாள். அவள் தம்பி தனுஷ்கோடியில் கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தானாம். "எங்க வீட்டுக்காரரு வெள்ளன வத்தைல போறாரு. நானும் போறேன். நீங்களும் வாங்க" என்றாள். அவர்கள் வீட்டு வத்தையில்தான் மறுநாள் நாம் போனோம். அந்தச் சின்னப் படகில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் புண்ணியவதி பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. தலைவர் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

தனுஷ்கோடி என்று இறக்கிவிட்டார்கள். எது தனுஷ்கோடி? மணல்தான் இருந்தது. இடிந்த சுவர் இரண்டு மூன்று. தண்டவாளம் மணலுக்குள் இருந்து வெளியே வந்து மறுபடி மணலுக்குள் போனது. ஸ்டேஷன் எங்கே என்று கேட்டதற்கு வத்தைக்காரர் தண்ணீரைக் காட்டினார். முந்தின நாள் வந்தவர்களின் மாலை ஒன்று காலடியில் கிடந்தது. நீங்கள் "பஞ்சவர்ணம்" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டீர்கள். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது.

அப்புறம் நிமிர்ந்து நின்று குலவை போட வாயைத் திறந்தீர்கள். நம் பக்கம் செத்தவர்களைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும்போது குலவை உண்டுதானே? உடம்பு கிடைக்காவிட்டாலும் அதையாவது செய்து அனுப்பலாம் என்று நினைத்திருப்பீர்கள். சத்தம் வரவில்லை. நாக்கு சுழல்கிறது, மூச்சு வருகிறது, சத்தம் இல்லை. மறுபடி மறுபடி திறந்தீர்கள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"எம் பிள்ளைக்குப் போடவேண்டிய குலவைய அந்த ஆளுக்குப் போட்டுட்டேன்டி. நீ போடுடி. நீயாச்சும் போடு."

நான் மாட்டேன் என்றேன். "இந்தக் கடலுக்கு நான் குலவை போடணுமா? நல்லா வாரிட்டுப் போனேன்னு வரவேற்கவா? மாட்டேன், போங்க" என்று உங்களிடமே கத்தினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மீன்காரி உங்களைக் கட்டிக்கொண்டாள். அவள் தம்பியும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, "பாத்தியளா?" என்று கேட்டது. "கடலப் பாத்தோம்" என்றீர்கள்.

*

தை பிறந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தவள் வரவில்லை. தை முடிவதற்குள் ரேடியோவுக்கு வேறு வேலை வந்துவிட்டது. இந்தி வேண்டாம் என்று பிள்ளைகள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள். பஸ் நின்றது. எங்கெங்கோ துப்பாக்கிச்சூடு, யார் யார் பெற்ற பிள்ளைகளோ செத்தார்கள். அப்புறம் எல்லையில் சண்டை. அப்புறம் இன்னொரு பிரதமரும் போனார். ஒரு சாவை அழுது முடிப்பதற்குள் இன்னொரு சாவைக் கொண்டுவந்து மேலே போடுகிற நாடு இது. தனுஷ்கோடியை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அது மனுஷர் வாழத் தகுதியில்லாத இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டதாம். அதுவரைக்கும் வாழ்ந்தவர்கள் யாராம்?

தேர்தல் வந்தபோது பிரசிடெண்டு புதுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பனைமரத்துக்கு அப்புறம் அவருக்குத்தான் தெரியும். உங்கள் வாசலில் நின்று, "ஆத்தா, வேட்பாளர் வாராக, பழசெல்லாம் மனசுல வச்சுக்காம ஒரு குலவை…" என்று ஆரம்பித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டீர்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்று இருந்தால் வாய்க்கே போட்டிருப்பேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னீர்கள். ரொம்ப நாள் கழித்து நீங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை நம்பினதற்கில்லை. பிள்ளையைத் தேடுகிறவள் பேயைக்கூட நம்புவாள். 'எம் மக அனுப்பிவிட்ட மழை' என்று சொன்ன வாயை நீங்கள் மன்னிக்கவே இல்லையே, அதற்குத்தான் கோபம். "நாந்தானடி கேட்டேன், கடல் மழைய அனுப்புன்னு. அவ வந்து கொடுத்துட்டுப் போயிட்டா" என்று சொல்லிச் சொல்லியே கரைந்தீர்கள். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்? மழை கேட்பது ஒரு குற்றமா? காய்ந்த ஊர்க்காரி வேறெதைக் கேட்பாள்? போனது போனதுதான், ஆனால் செய்யாத குற்றத்துக்கு நீங்களே உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டீர்கள். தண்டனை வாங்கவேண்டியவர்கள் கரைவேட்டி மாற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

அதற்கப்புறம் கண்மாய் நிறையவே இல்லை. போன ஆடியில் காய்ச்சலில் கிடந்தபோது, "மேகம் இருக்கா பாரு" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தீர்கள். மழை வேண்டாமென்று சொன்ன ஒரே மனுஷி நம்ம ஊரில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் நீர்மாலைக்குக்கூடச் சரியான குலவை இல்லை. போட நீங்கள் இல்லையே.

இருங்கள். மைக்கில் இன்னும் கத்துகிறான். எம்.எல்.ஏ. கமுதி தாண்டிவிட்டாராம். என் கோபம் எழுத எழுதக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இதை இப்படியே வைத்துவிட்டுக் கலுங்குக்குப் போய்வருகிறேன். வந்து முடிக்கிறேன்.

*

வந்துவிட்டேன். சேலை ஈரம் இந்தத் தாளில் சொட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கினேன். நீங்கள் நின்ற கல்லிலேயே நின்றேன். பிரசிடெண்டு, "ஏத்தா, ஏத்தா, இன்னும் வரல, இன்னும் வரல" என்று கையை ஆட்டினார். "யாருக்குய்யா காத்திருக்கணும்? வரவேண்டியது வந்துருச்சு" என்றேன். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன்.

குலவை போட்டேன் மதினி. காக்காய்க் குலவைதான். நடுவிலே உடைந்தது. பின்னால் யாரோ ஒரு சின்னப்பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று மறுபடி எடுத்தேன். அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு கரைமேல் நின்றது. நான் யாரை நினைத்துப் போடுகிறேன் என்று தெரிந்துகொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக என் குலவையை வாங்கினார்கள். பிரசிடெண்டு கத்தினது யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் ஜீப் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். மறுபடி குலவை போடச் சொன்னார்கள், போட்டார்கள். வீரமாக மறுத்துவிட்டார்கள் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகுட்டிக்காரிகள், நாளைக்கு ரேஷனுக்கு அவன் வாசலில்தான் நிற்கவேண்டும். நான் மட்டும் வந்துவிட்டேன். எம்.எல்.ஏ. வாங்கினது இரண்டாவது குலவை. அது அவருக்குத் தெரியாது.

தனுஷ்கோடியில் மாட்டேன் என்றேனே, அந்தக் குலவையை இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தேன். கடலுக்குக் கொடுக்க மனசில்லை. கட்சிக்காரனுக்கும் கொடுக்கவில்லை. இன்றைக்கு நம்ம கண்மாயில், நம்ம தண்ணீரில் நின்று கொடுத்துவிட்டேன். இனிமேல் கண்மாய் நிறைகிற வருஷமெல்லாம் எவன் வந்தாலும் வராவிட்டாலும் அதை நான்தான் போடுவேன்.

முதல் குலவை பஞ்சவர்ணத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவளிடம் கேட்டுப் பாருங்கள். நல்லா இல்லை என்று சொல்வாள், நீங்களும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மழையை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், மதினி. உங்கள் மகள் அனுப்பிவிட்டது.